எண் எழுதாத சீட்டு

எங்கள் கல்லூரியில் எந்தச் செய்தியும் சுற்றறிக்கை நோட்டில்தான் வரும். அலுவலக உதவியாளர் ஆறுமுகம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக வருவார். ஆசிரியர் வாங்கி, மாணவர்களுக்கு வாசித்துக் காட்டி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் வரக்கூடாது, வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தக்கூடாது என்ற மாதிரியான சங்கதிகள்தான் இருக்கும். அன்று புதன்கிழமை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். ஆறுமுகம் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. எழுந்து போய் வாங்கினேன். 'தமிழ்த்துறைப் பேராசிரியர் முனைவர் அமலோற்பவம் அவர்கள் இன்று காலை காலமானார். பிற்பகல் கல்லூரிக்கு விடுமுறை.' எனக்கு முன்னால் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எட்டாவதாக நானும் போட்டேன். பழக்கம். கை தானாகப் போட்டுவிட்டது.

வாசித்துக் காட்டுவதும் பழக்கம்தான். வாசித்தேன். விடுமுறை என்ற சொல் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் 'ஏய்' என்று உற்சாகமாகக் கிளம்பி, பாதியில் நின்றது. அந்த மாணவனை நான் திட்டவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளும்படி அவனைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். என்னை விட்டுவிட்டு அவனை எப்படித் திட்டுவது?

முன்னாள் மாணவர் மலர்க் குழுவினர் இந்த நினைவஞ்சலிக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "மூணு பக்கமும் நிரம்பணும் சார், காலி இடம் விழுந்துறக் கூடாது" என்று போனில் சொன்னார்கள். அமலோற்பவம் மேடம் உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் சீட்டு வாங்கியவர்கள். சீட்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது, தெரியாமல் போனதற்குக் காரணம் நான் என்பதால், அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் துறையில் மாணவர்கள் வலைப்பூ எழுத வேண்டும் என்பது அகமதிப்பீட்டில் ஒரு பகுதி. மேடம்தான் அதைக் கொண்டுவந்தார். தாளில் எழுதினால் ஆசிரியர் மட்டும் படிப்பார், வலைப்பூ என்றால் வீட்டில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. முதல் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தன வார்த்த எழுதணும் மேடம்?" நான் அந்தக் கேள்வியை முப்பது வருடமாக வெறுத்தேன். சோம்பேறிகளின் கேள்வி என்று நினைத்தேன். மேடம் அதை மிக நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். "எவ்வளவு தூரம் போகணும்னு தெரியாம யாரு சார் வண்டி ஏறுவா?" என்பார்.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாக அழைத்து உட்காரவைப்பார். "எதப்பத்தி எழுதப் போற? சொல்லு" என்பார். அவர்கள் பேசுவார்கள். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசி முடித்ததும், பழைய விடைத்தாளிலிருந்து கத்தரித்து வைத்திருக்கும் சின்னக் காகிதத்தின் பின்பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி, அதற்குக் கீழே ஓர் எண் எழுதித் தருவார். ஒருவருக்கு நூற்று இருபது. ஒருவருக்கு அறுநூறு. முத்துக்கருப்பன் என்று ஒருவன், சந்தைக்குப் போன இடத்தில் ஆடு தொலைந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னான். அவனுக்கு ஆயிரத்து நூறு. அவன் எழுதிவிட்டு வந்து, இன்னும் இருநூறு கூடுதலாக வேண்டும் என்று சண்டை போட்டான். "ஆடுதான் கெடச்சிருச்சேப்பா, அப்புறம் எதுக்கு?" என்று மறுத்துவிட்டார். சொல்ல வந்தது முடிந்தால் இறங்கிவிட வேண்டும், ஸ்டாப்பைத் தாண்டி இறங்கினால் அவ்வளவு தூரமும் திரும்பி நடக்க வேண்டும் என்பது அவர் வகுப்பில் அடிக்கடி சொன்னது.

ஒருமுறை இரண்டு வகுப்புகளைச் சேர்த்துக் குடுமியான்மலைக்கு அழைத்துப் போனோம். திரும்பி வந்து எழுதச் சொன்னோம். என் வகுப்பில் நாற்பது பேரும் இசைக் கல்வெட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார்கள். நாற்பதும் ஒரே இணையப் பக்கத்திலிருந்து எடுத்தவை, அதிலிருந்த பிழை உட்பட. எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எல்லாமே ஒரே நீளம், திருத்த வசதி. மேடத்தின் வகுப்பில் ஒரு மாணவி, வெயிலில் பாறை சுட்டதையும், தோழியின் துப்பட்டாவின் மேல் இரண்டு பேரும் மாறி மாறி நின்றதையும் அறுபது சொல்லில் எழுதியிருந்தாள். கல்வெட்டில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தாள். மேடம் அதை ஓய்வறையில் எனக்கு வாசித்துக் காட்டினார். "கல்வெட்டப் பத்தி ஒண்ணுமே இல்லையே மேடம்" என்றேன். "அந்தப் புள்ள அங்கிட்டுப் போயிட்டு வந்திருக்கு சார். ஒங்க நாப்பது பேர்ல யாராவது போனாங்களா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு புகார் வந்தது. தொள்ளாயிரம் சொல் எழுதியவனுக்கும் ஐம்பது சொல் எழுதியவனுக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருக்கிறார், இது பாரபட்சம் என்று பன்னிரண்டு பேர் கையெழுத்திட்ட கடிதம். அந்த ஆண்டு தர மதிப்பீட்டுக் குழு வேறு வருவதாக இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு நீளம் என்பதை எந்தப் படிவத்தில் நிரப்புவது? நான் துறைத்தலைவர். மேடத்துடன் கலந்தாலோசிக்காமலே ஒரு விதி எழுதினேன். வலைப்பூப் பதிவு ஒவ்வொன்றும் ஐநூறு சொற்களுக்குக் குறையக் கூடாது. கல்லூரிக்குப் புதிதாகச் செய்துகொண்டிருந்த இணையதளத்தில், ஐநூறுக்குக் குறைந்தால் பதிவே ஏறாதபடி செய்யச் சொல்லி நானே கடிதம் கொடுத்தேன். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

மேடம் வந்து எதிரில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"ஏன் சார் ஐநூறு?"

"ஒரு அளவு வேணும்ல மேடம்."

"அளவு வேணாம்னு நான் சொல்லலையே. நாந்தான் எல்லாருக்கும் அளவு எழுதிக் குடுக்கிறேன். யூனிஃபார்ம்கூட ஆளாளுக்கு அளவெடுத்துத்தான சார் தைக்கிறாங்க. இது ஏன் ஐநூறு?"

ஏன் ஐநூறு என்று எனக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது. வட்டமான எண்ணாக இருந்தது, அவ்வளவுதான். "குழு வந்துட்டுப் போகட்டும் மேடம். அடுத்த கூட்டத்துல எடுத்துருவோம்" என்றேன். அவர் நம்பினார். மனிதர்கள் சொல்வதை நம்புகிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது. சீட்டு எழுதுவதை அன்றோடு நிறுத்தினார். விதி என்றால் விதி, அதை மீறச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்ட மாட்டார்.

அன்று எழுந்து போகும்போது, சூழ்நிலையை லேசாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க மேடம், எனக்கு எத்தன சொல்லுன்னு பாப்போம்" என்று கிண்டலாகக் கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து 'சிதம்பரம் சார்' என்று என் பெயரை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "எதப்பத்தி?" என்றார். எனக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. "பரவால்ல, வச்சுக்கங்க. எதப்பத்தின்னு தெரிஞ்ச பெறகு கொண்டாங்க, எண்ணு போட்டுத் தாரேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த விதிக்கு முதலில் பலியானது கீரமங்கலத்துப் பெண் கௌசல்யா. புகார் வருவதற்கு முந்தைய வாரம் மேடத்திடம் நாற்பது என்று சீட்டு வாங்கியிருந்தாள். எழுதியும் முடித்திருந்தாள். புதிய விதி வந்ததும் அதை என்னிடம் கொண்டுவந்தாள். எந்த இடத்தில் இழுத்து நீட்டலாம் என்று பார்ப்பதற்காக மூன்று முறை படித்தேன். அதனால் மனப்பாடமாகிவிட்டது. அவள் எழுதியது இது:

'அப்பா குவைத்தில் இருக்கிறார். புயலில் எங்கள் தென்னை எல்லாம் விழுந்த பிறகு போனவர். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வருவார். நல்லா இருக்கியா என்பார். பிறகு போனைத் திருப்பு என்பார். புதிதாக வைத்த கன்றுகளைக் காட்டுவேன். ஒவ்வொரு கன்றாக நடந்து காட்ட வேண்டும். கடைசிக் கன்று வந்ததும், சரிம்மா வச்சிரவா என்று கேட்பார். அதனால் நான் மெதுவாக நடப்பேன்.'

நாற்பத்தொரு சொல். கூடுதலாக வந்த ஒன்றை மேடம் கண்டுகொள்ளவில்லை.

நான் அந்தப் பெண்ணுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். முன்னால் தென்னையின் பயன்களைப் பற்றி ஒரு பத்தி போடு. நடுவில் வெளிநாட்டு வேலையின் நன்மை தீமைகள். முடிவில் விவசாயத்தைக் காப்போம் என்று ஒரு பத்தி. அவள் தலையை ஆட்டினாள். சொன்னபடியே செய்தாள். ஐநூற்று நான்கு சொல் வந்தது. முழு மதிப்பெண் போட்டேன். சில வாரம் கழித்து மேடம் ஓய்வறையில் தேநீர் ஆற்றிக்கொண்டே சொன்னார். "கௌசல்யா அவங்க அப்பாவுக்கு லிங்க் அனுப்பியிருக்கு சார். அவரு படிச்சிட்டு, தென்ன மரத்தப் பத்தி நல்லா எழுதியிருக்கம்மான்னாராம். பாதிக்கு மேல படிக்கல போல. வேல பாத்துட்டு வந்த அசதில தூங்கியிருப்பாரு." அவ்வளவுதான் சொன்னார். குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. மகள் மெதுவாக நடப்பது அந்த மனிதருக்குத் தெரியாமலே போயிற்று. அதற்கு நடுவில் நின்று மறைத்தவன் நான். இதை அன்றே உணர்ந்தேன் என்று சொன்னால் பொய். அன்று எனக்கு, இந்த அம்மா விடமாட்டார் போலிருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது.

விதிக்குப் பழகிய பிள்ளைகள் விதியை ஏய்க்கவும் பழகினார்கள். சேர்த்து எழுத வேண்டிய சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இன்னும் சிலர், எழுத வந்ததை நூறு சொல்லில் முடித்துவிட்டு, மிச்சம் நானூறுக்கு வாயில் வந்ததையெல்லாம் தட்டி, அந்த எழுத்துக்கு வெள்ளை நிறம் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இணையதளம் எண்ணிக்கொள்ளும். நான் இரண்டு வருடம் இதைக் கண்டுபிடிக்கவில்லை. நான் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். மேடம் கண்டுபிடித்திருந்தார், என்னிடம் சொல்லவில்லை. வெள்ளை எழுத்தையெல்லாம் நிறம் மாற்றி உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒரு மாணவன் அந்த வெள்ளைக்குள் 'இதை யாரும் படிக்கப் போவதில்லை' என்பதைத் திரும்பத் திரும்ப ஒட்டி வைத்திருந்தான். பதிவுக்குக் கீழே மேடத்தின் பின்னூட்டம் இருந்தது. 'நான் படித்தேன்.'

இப்போது அந்தச் சிரமமும் பிள்ளைகளுக்கு இல்லை. தலைப்பைக் கொடுத்தால் போன் ஐநூறு சொல்லைத் துப்பிவிடுகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. தொடக்கம், நடு, முடிவு, எல்லாம் அளவாக. பிள்ளைகள் எழுதுவதில்லை, நான் படிப்பதில்லை, இணையதளம் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. இதற்கு மதிப்பெண் என்று ஒன்று போட்டு மேலே அனுப்புகிறோம். இதைச் சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் பணி ஓய்வு.

மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்பது போன மழைக்காலத்தில் தெரிந்தது. நீண்ட விடுப்பில் போனார். போகும் முன் ஒரே ஒரு காரியம்தான் கேட்டார். இந்த முறை பாடத்திட்டக் கூட்டத்தில் அந்த ஐநூறை எடுத்துவிட வேண்டும். எழுதிக் கேட்டார். நான் கூட்டப் பொருளில் சேர்த்தேன். பதினோராவது பொருள். பத்தாவது பொருள் ஓடிக்கொண்டிருந்தபோது மதியச் சாப்பாடு வந்துவிட்டது. இலை போட்டுவிட்டார்கள், ஆறிவிடும் என்றார்கள். "மிச்சத்த அடுத்த கூட்டத்துல பாப்போமா?" என்று முதல்வர் கேட்டபோது, எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன். எனக்கும் பசித்தது.

பத்து நாள் கழித்துத் தஞ்சாவூர் மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். அவருடைய கணவர் சவரிமுத்து, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். நலம் விசாரித்தேன்.

"அந்த ஐநூற எடுத்துட்டீங்களா சார்?" என்றார் மேடம்.

"எடுத்தாச்சு மேடம்" என்றேன்.

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். சாகக் கிடக்கிறவரிடம் நல்ல வார்த்தை சொன்னால் என்ன தப்பு என்றும் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் உண்மை அதுவல்ல. அவர் இனிமேல் கல்லூரிக்கு வரப்போவதில்லை, அதனால் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்ற கணக்கு என் மனதில் ஓடியது. ஓடியதை நான் பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. தலையணையில் சற்று எழும்பி உட்கார்ந்தார். "அப்ப புள்ளைகளுக்குச் சீட்டு எழுதணுமே" என்றார். கணவரைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வாங்க. வீட்டுல பீரோ மேல கத்தரிச்ச காயிதம் ஒரு கட்டு இருக்கும். நாளைக்கு வாரப்ப எடுத்தாங்க." நான் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அரிமளத்துக்கு அப்பால் அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. கூட்டத்தில் பழைய மாணவர்கள் நிறையப் பேர். கௌசல்யா வந்திருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு கடையில் பில் போடுகிற வேலையாம். "அந்தப் பழைய நாப்பது வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார். அதுமேலயேதான சேத்து எழுதுனேன். அந்த ஐநூறுதான் இருக்கு" என்றாள். "அப்பா எப்படி இருக்காரு?" என்றேன். "அங்கதான் சார் இருக்காங்க" என்றாள். வேறு ஒன்றும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடைசி வரைக்கும் போன்ல புள்ளைக எழுதுனதத்தான் படிச்சுக்கிட்டு இருந்தா சார். ஒவ்வொண்ணும் நீளநீளமா, ஒண்ணுபோல இருக்கு. கண்ணு வலிக்குங்கிறா, ஆனா விடமாட்டேங்கிறா. ஏண்டி இதப் போயிப் படிக்கிறேன்னு கேட்டேன். உள்ள எங்கிட்டாச்சும் ஒரு வரி கெடக்கும்னு சொல்றா." அவர் அழவில்லை. சொல்லிவிட்டுக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் துறைத்தலைவருக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுவாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். நான் பதினெட்டு நிமிடம் பேசினேன். கடமை, கண்ணியம், தாயுள்ளம், ஈடுசெய்ய முடியாத இழப்பு. எல்லாம் வந்தது. மேடம் கேட்டுக்கொண்டிருந்தால் சீட்டில் ஒன்று என்றுகூட எழுதியிருக்க மாட்டார். அதோடு நிறுத்தாமல், மாணவர்கள் எல்லோரும் அவர் நினைவாக வலைப்பூவில் ஒரு பதிவு எழுத வேண்டும் என்றும் அறிவித்தேன். மூன்று நாளில் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் அவர் கலங்கரை விளக்கமாகத் திகழ்ந்திருந்தார். அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரை வைத்தாலும் பொருந்தும். இவ்வளவு நீளமாக ஒருவரைப் பற்றி எதுவுமே சொல்லாமல் இருக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

நான்காம் நாள் மகேஸ்வரி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி என் அறைக்கு வந்தாள். வகுப்பில் வாய் திறந்து பேசியே நான் பார்க்காத பெண். கையில் போன்.

"சார், சப்மிட் ஆக மாட்டேங்குது சார்."

வாங்கிப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான். 'நான் எழுதியதை மேடம் கடைசி வரி வரை படித்தார். வேறு யாரும் படித்ததில்லை.' அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இணையதளத்தின் பதில். 'இன்னும் 490 சொற்கள் தேவை.'

"ஐநூறு வேணும்லம்மா" என்று வாய் தானாகச் சொன்னது.

அவள் பையைத் திறந்து, நோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மகேஸ்வரி என்று எழுதி, கீழே பத்து. மேடத்தின் எழுத்துதான். கொஞ்சம் நடுங்கியிருந்தது. மருத்துவமனைக்கு இவளும் இன்னும் நான்கு பேரும் பார்க்கப் போயிருக்கிறார்கள். எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று கேட்டாராம். உங்களைப் பற்றி என்று சொல்லிவிட்டு, ஒரு வாக்கியம் பேசி, அதற்கு மேல் பேச முடியாமல் இவள் அழுதிருக்கிறாள். அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஐந்து பேருக்கும் கொடுத்திருக்கிறார். மற்ற நான்கு பேரும் கலங்கரை விளக்கத்தைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் சீட்டில் உள்ளபடி எழுதியவள்.

"ஐநூற எடுத்தாச்சுன்னு மேடம் சொன்னாங்க சார்" என்றாள். "நீங்க எடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க. ரொம்பச் சந்தோசமாச் சொன்னாங்க."

குற்றம் சொல்ல வந்தவள் இல்லை அவள். இணையதளத்தில்தான் ஏதோ கோளாறு என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டு நின்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சேக்கட்டும் சார்?" என்று கேட்டாள்.

முப்பத்துநான்கு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனிடம் அதற்கு ஒரு சொல் இல்லை. இரண்டு நாள் பொறும்மா என்று அனுப்பினேன். நேராக முதல்வர் அறைக்குப் போனேன். விதியை நான்தான் போட்டேன், நானே எடுக்கச் சொல்கிறேன், இன்றே எடுங்கள் என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியே ஆறுமுகம் எட்டிப் பார்த்தார். முதல்வர் நல்ல மனிதர். எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "ஒங்க மனசு புரியுது சார். ஆனா நடுவுல மாத்துனா ஏற்கனவே எழுதுன புள்ளைக கேக்கும்ல? அடுத்த கூட்டத்துல வச்சு எடுத்துருவோம்." நான் மேடத்துக்குச் சொன்ன வார்த்தைகளை என்னிடமே திருப்பிச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மேடம் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டம் எப்போது என்று அறிவிக்கவில்லை. மகேஸ்வரியின் பதிவு ஏறவில்லை. பதிவு ஏறாததால் அவளுக்கு அந்தப் பகுதிக்குப் பூஜ்யம், அதைப் போட்டு அனுப்பியதும் நான்தான். ஐநூறுக்கு நீட்டி எழுது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அதுவும் அவளுக்குத்தான் நஷ்டம். வகுப்பில் அவள் இப்போது என்னைப் பார்ப்பதில்லை. இணையதளத்தில் கோளாறு எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பத்துச் சொல்லை இங்கே அச்சில் ஏற்றியிருக்கிறேன். மலர்க் குழுவினர் எதை வெட்டினாலும் அதை வெட்டக் கூடாது.

மேடத்திடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது ஒரே பொருள். 'சிதம்பரம் சார்' என்று எழுதி, கீழே ஒன்றும் எழுதாத அந்தக் காகிதம். நான்கு வருடமாக வருகைப் பதிவேட்டுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். எதைப் பற்றி எழுதுவது என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது மேடம். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. மூன்று பக்கமும் நிரம்பிவிட்டது. நான் இறங்க வேண்டிய ஸ்டாப் 'எடுத்தாச்சு மேடம்' என்று சொன்ன இடத்திலேயே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.